வீணாய்ப் போனவர்கள்

எங்கள் விக்கிரவாண்டிப் பக்கத்தில் 'வீணாப்போனவன்' என்ற வசவு எல்லாருக்கும் கிடைத்துவிடாது. படிப்பு ஏறாத பையனை 'உருப்படாதவன்' என்பார்கள். குடிக்கிறவனைக் 'குடிகாரன்' என்பதோடு முடிந்தது. வீணாய்ப் போவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பால் இருந்தால்தானே திரியும்? "நல்லா பாடுவான், வீணாப்போயிட்டான்." "கணக்குல நூத்துக்கு நூறு எடுத்தவன், வீணாப்போயிட்டான்." திட்டுகிற வாயிலேயே ஒரு பாராட்டும் இருக்கிறது. கொஞ்சம் உற்றுக் கேட்டால் ஒரு கடன்காரனின் குரலும் இருக்கிறது. உன்னிடம் ஒன்று இருந்தது, அதில் எங்களுக்கும் பங்கு உண்டு, அதை நீ தரவில்லை.

அந்தக் கடன் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பட்டத்தைக் கால்பந்தில் மிக அதிகமாகச் சுமந்தவர் பிரேசில்காரர் அட்ரியானோ. என் வயதுக்காரர்களுக்கு அவர் முதலில் ஒரு வீடியோ கேம் பாத்திரம். பொறியியல் கல்லூரி ஹாஸ்டல்களில் 'ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6' ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இன்டர் மிலான் அணியை யார் எடுப்பது என்பதற்கே சண்டை நடக்கும். அட்ரியானோவின் ஷாட் பவர் 99. பாதி மைதானத்தில் இருந்து இடது காலால் ஒன்று விட்டால் கோல்கீப்பர் பந்தோடு சேர்ந்து உள்ளே போவான். "அட்ரியானோ இல்லாம ஆடு, பாக்கலாம்" என்பதுதான் அங்கே மிகப்பெரிய சவால்.

நிஜ அட்ரியானோ 1982இல் பிறந்தவர். ரியோ டி ஜெனிரோவின் விலா க்ருசெய்ரோ என்ற குன்றுச் சேரியில் வளர்ந்தவர். அவருக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு கொண்டாட்டத்தில் எங்கிருந்தோ வந்த துப்பாக்கிக் குண்டு அவருடைய அப்பாவின் தலையில் பாய்ந்தது. அப்பா பிழைத்தார். குண்டு உள்ளேயே தங்கிவிட்டது. 2001இல் ஃப்ளமெங்கோ அணியில் இருந்து இன்டர் மிலானுக்குப் போனார். இடையில் ஃபியோரென்டினா, பார்மா. 2004 ஜூலையில் லிமாவில் நடந்த கோபா அமெரிக்கா இறுதிப் போட்டியில் அர்ஜென்டினா ஜெயித்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த கடைசி நொடிகளில் அட்ரியானோ கோல் அடித்து ஆட்டத்தைச் சமன்செய்தார். பெனால்டியில் பிரேசில் வென்றது. அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், மொத்தம் ஏழு. இத்தாலியில் அவருக்குப் பெயர் 'பேரரசர்'.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அப்பா இறந்துபோனார். தொலைபேசியில் அந்தச் செய்தியைக் கேட்டு அவர் அலறியதை அப்போதைய சக வீரர் ஹாவியர் ஸனெட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். அவரை அந்த மனச்சோர்வில் இருந்து வெளியே இழுக்க முடியாமல் போனதைத் தன் பெரிய தோல்வி என்றே சொன்னார். அதன் பிறகும் கோல்கள் இருந்தன. ஆனால் குடி இருந்தது, வராத பயிற்சிகள் இருந்தன. 2009 ஏப்ரலில் பிரேசிலுக்குப் போனவர் இத்தாலிக்குத் திரும்பவில்லை. எங்கே என்று உலகம் தேடியபோது, பிறந்த சேரியில் பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்திருந்தார். இன்டர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கோடிகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு சேரிக்குப் போய்ச் செருப்பில்லாமல் நடக்கிறானே என்பதுதான் எல்லாப் பத்திரிகைகளுக்கும் அதிர்ச்சி.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். இன்னும் பழைய ஆள், இன்னும் சுத்தமான கதை.

கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் 1904இல் பிறந்த முகமது சலீம். ஸ்ட்ரைக்கர் இல்லை, விங்கர். முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் ஆட்டக்காரர். அந்த அணி 1934இல் கல்கத்தா லீக்கை வென்றது. ஓர் இந்திய அணி அதை வெல்வது அதுவே முதல்முறை. அதோடு நிற்காமல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் சில ஆட்டங்கள் ஆடியது. அதில் ஒன்றில் ஆடிய சலீம் அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் காணோம். ஹாஷிம் என்ற உறவினர், "உன் ஆட்டத்துக்கு நீ ஐரோப்பாவில் இருக்க வேண்டியவன்" என்று சொல்லி அவரைக் கப்பலேற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நேராக கிளாஸ்கோ, செல்டிக் கிளப்.

செல்டிக் மேலாளர் வில்லி மேலிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. வந்திருக்கும் ஆள் வெறுங்காலில் ஆடுபவர். ஸ்காட்லாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பூட்ஸ் போட்டு உதைப்பவர்கள். சரி, ஆடித்தான் காட்டட்டுமே என்றார்கள். ஆடிக் காட்டினார். காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு செல்டிக்கின் சட்டையில் ஹாமில்டன், கால்ஸ்டன் அணிகளுக்கு எதிராக இறங்கினார். மறுநாள் 'ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ்' அவரை இந்திய வித்தைக்காரர் என்று தலைப்பிட்டுக் கொண்டாடியது. ஐரோப்பிய கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியர்.

சில மாதங்களில் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை. அடிபடவில்லை. யாரும் துரத்தவில்லை. சீசன் முடியும்வரையாவது இரு என்று செல்டிக் கேட்டது. அவருக்காக ஒரு ஆட்டம் நடத்தி வசூலில் ஐந்து சதவீதம் தருகிறோம் என்றது. ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு என்றுகூட அவர் யோசிக்கவில்லை என்பார்கள். என் பங்கை இங்கே இருக்கும் அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். மறுபடி முகமதன் ஸ்போர்ட்டிங். 1980இல் இறக்கும்வரை கல்கத்தாக்காரராகவே இருந்தார்.

இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஒருவரை துக்கமும் குடியும் திருப்பி அனுப்பின, இன்னொருவரை ஊர் நினைப்பு. ஆனால் நாம் இருவரிடமும் கேட்பது ஒரே கேள்வி. "இவ்ளோ திறமைய வெச்சிக்கிட்டு ஏன்யா திரும்பி வந்த?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? ஒவ்வொருவராகப் பார்க்கலாம்.

முதலில் கிளப். இதில் குழப்பமில்லை. ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. சம்பளம் வாங்கினால் பயிற்சிக்கு வர வேண்டும். அட்ரியானோ வராத நாட்களுக்கு இன்டர் கோபப்பட்டது நியாயம். அபராதம் போட்டாலும் நியாயம். ஆனால் ஒப்பந்தக் கடனுக்கு ஒரு தொகை, ஒரு தேதி, ஒரு முடிவு உண்டு. முடித்துக்கொண்டால் தீர்ந்தது. நோட்டீஸ் பீரியட் முடிந்து லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு கம்பெனி நம்மைத் துரோகி என்று சொன்னால் சிரிப்போமா இல்லையா?

இரண்டாவது குடும்பம். இது நிஜமான கடன். நகையை அடகு வைத்த அம்மா, நீ படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திய அக்கா. இவர்களுக்குப் பட்டிருக்கிறோம். ஆனால் நன்றாகக் கவனித்தால் இந்தக் கடன் திறமையின்மீது விழுந்தது இல்லை, ஆளின்மீது விழுந்தது. அக்காவுக்கு வேண்டியது நான் எழுதும் நிரல் இல்லை. நான் அனுப்பும் பணம், அல்லது நான். பல நேரங்களில் இந்தக் கடனே "திரும்பி வா" என்றுதான் சொல்கிறது.

மூன்றாவது ரசிகர்கள், அதாவது நாம். நாம் கட்டியது அன்றைய ஆட்டத்துக்கான டிக்கெட். அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் சந்தா வாங்கவில்லை. அட்ரியானோ இன்னும் நூறு கோல் அடித்திருக்கலாமே என்ற என் ஏக்கம் உண்மை. ஆனால் ஏக்கம் கடன்பத்திரம் ஆகாது. மழை பெய்யும் என்று எதிர்பார்த்தேன், பெய்யவில்லை, வருத்தம். அதற்காக மேகத்தின்மீது வழக்குப் போட முடியாது.

நான்காவது கடன்காரர் கொஞ்சம் பெரிய ஆள்: இம்மானுவேல் காண்ட். 1785இல் எழுதிய நூலில், தன்னிடம் திறமை இருந்தும் அதை வளர்க்காமல் சுகமாக இருந்துவிட விரும்பும் ஒருவனை அவர் எடுத்துக்கொள்கிறார். எல்லாரும் இப்படியே இருக்கட்டும் என்று பகுத்தறிவுள்ள எவனாலும் விரும்ப முடியாது, ஆகவே திறமையை வளர்ப்பது கடமை என்கிறார். சோம்பிக் கிடப்பவர்களுக்கு உதாரணமாகத் தென்கடல் தீவுவாசிகளை வேறு இழுத்துவிடுகிறார். அந்தத் தீவுகளை அவர் பார்த்ததே இல்லை. வாழ்நாள் முழுக்க கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தைத் தாண்டாத ஆள் அவர்.

கிண்டலைத் தள்ளிவைத்தால் காண்ட் சொல்வதில் சாரம் இருக்கிறது. எல்லாரும் எல்லாத் திறமையையும் கைவிட்டால் மருத்துவர் இருக்க மாட்டார், பாலம் இருக்காது. ஆனால் அவரே இதைக் கறாரான கடமைகளோடு சேர்ப்பதில்லை. பொய் சொல்லாதே என்பதைப்போல விதிவிலக்கே இல்லாத கடமை இல்லை இது. எவ்வளவு, எப்போது, எங்கே என்பதில் மனிதனுக்கு இடம் விடும் கடமை. சலீம் பந்தை விட்டுவிடவில்லை. கிளாஸ்கோவைத்தான் விட்டார். கல்கத்தாவில் ஆடினால் திறமை வீண், கிளாஸ்கோவில் ஆடினால் வீணில்லை என்று காண்ட் எங்கேயும் சொல்லவில்லை. அதைச் சொன்னது நாம்.

இந்த இடத்தில்தான் நம் கணக்கின் கோணல் தெரிகிறது. 2009இல் ஊர் திரும்பிய அட்ரியானோ, அதே வருடம் ஃப்ளமெங்கோவுக்காக 19 கோல் அடித்து, லீக்கில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரானார். 17 வருடம் கழித்து ஃப்ளமெங்கோ பிரேசில் சாம்பியன் ஆனது. அவர் சிறுவனாக இருந்தபோது சேர்ந்த அணி, அவருடைய நகரத்தின் அணி. அந்த வருடத்தை நாம் 'வீழ்ச்சி' என்ற அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கிறோம். சலீம் ஆடிய முகமதன் ஸ்போர்ட்டிங்கின் வெற்றிகள் வெள்ளைக்கார ஆட்சியில் கல்கத்தாவின் எளிய மக்களுக்கு என்னவாக இருந்தன என்பது ஒரு தனிக் கதை. ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது எல்லாரும் எழுதுவது கிளாஸ்கோவின் சில வாரங்களை. நானும் இங்கே அதைத்தான் எழுதினேன். திறமைக்கு ஒரு வரைபடம் வைத்திருக்கிறோம். அதில் ஒரு திசைதான் மேலே.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1970களில் ஓவியர் கோகானை வைத்து ஒரு கேள்வி எழுப்பினார். மனைவி, ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு ஓவியத்துக்காகத் தஹிதிக்குப் போனவர் கோகான். போனது சரியா தவறா? வில்லியம்ஸின் பதில் சங்கடமானது. ஓவியங்கள் நன்றாக வந்துவிட்டால் அந்த வெற்றி அவருக்கு ஒரு நியாயத்தைத் தருகிறது, வராமல் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அறம் என்று நாம் நினைப்பதில் பாதி அதிர்ஷ்டம். போனது தென்கடல் தீவுக்கு என்பது, காண்டின் உதாரணத்தோடு சேர்த்துப் பார்த்தால், வரலாற்றின் சின்னக் குறும்பு.

நான் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். திறமைக்காக மனிதர்களை விட்டுப் போனவனுக்கு அருங்காட்சியகத்தில் சுவர் ஒதுக்குகிறோம். மனிதர்களுக்காகத் திறமையை விட்டு வந்தவனை 'வீணாப்போனவன்' என்கிறோம். ஏன் முதலாமவன் மனிதர்களை வீணடித்தான் என்று சொல்வதில்லை?

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1910இல் கும்பகோணத்தில் ரயிலேறிய ஓர் இளைஞர் விழுப்புரத்தில் இறங்கி, வண்டி மாறித் திருக்கோயிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் தன் கணக்கு நோட்டைக் காட்டினார். ராமானுஜன். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார், 1919இல் நோயோடு திரும்பினார், 1920 ஏப்ரலில் 32 வயதில் இறந்தார். அந்த ஐந்து வருடங்கள் கணிதத்துக்கு என்ன தந்தன என்பது உலகத்துக்கே தெரியும். ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார் என்பதும், தையல் கற்றுக்கொண்டு தன் காலில் நின்றார் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? ராமானுஜன் போனது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு ஒரு விலை இருந்தது. திரும்பி வந்தவர்களிடம் மட்டும் பில் கேட்கிறோம், போனவர்களின் பில்லைப் பார்ப்பதே இல்லை.

இது கால்பந்துப் பிரச்சினையும் இல்லை, கணிதப் பிரச்சினையும் இல்லை. என் ஊர் சென்னையில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர். சுங்கச்சாவடியால் பிரபலமான ஊர். கும்பகோணம், தஞ்சாவூர் சாலை இங்கேதான் பிரிகிறது. பொங்கலுக்கு முந்தின இரண்டு நாட்கள் டிவியில் எங்கள் ஊரைக் காட்டுவார்கள்: கண்ணுக்கெட்டிய தூரம் கார்களும் ஆம்னி பஸ்களும். இந்த மாநிலத்தில் திறமையை விற்கப் போனவர்களில் பெரும்பகுதி வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊரில் வரிசையில் நிற்கிறது. மூன்று நாள் லீவு. நான்காம் நாள் அதே கூட்டம் எதிர்த்திசையில் நிற்கும்.

அந்த நான்காம் நாள் எதிர்த்திசையில் போகாத ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்ததே அவரைப் பார்த்துத்தான். ஜெர்மனியில் ஆன்சைட், நல்ல சம்பளம், நிரந்தரமாகத் தங்கும் வாய்ப்பு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, வந்தார். அப்பா தேறிவிட்டார். இவர் போகவில்லை. இப்போது மல்லாட்டை வியாபாரம். டீக்கடையில் அவர் தலை மறைந்ததும் அந்த வார்த்தை வரும். "எவ்ளோ மூள... வீணாப்போச்சி."

ஒருமுறை நேராகவே கேட்டேன். "ஏன்ணா திரும்பிப் போகல? அப்பாவுக்காகவா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிறாங்க. நான் ஒண்ணும் தியாகம் பண்ணல தம்பி. அங்க ராத்திரி தூக்கம் வரல. இங்க வருது. அவ்ளோதான்."

இந்தப் பதில் எனக்கு முக்கியமாகப்படுகிறது. தியாகம் என்று சொன்னால் ஊர் மன்னித்துவிடும். அப்பாவுக்காக, அம்மாவுக்காக, நாட்டுக்காக என்று ஏதாவது ஒரு பெரிய கணக்கில் வரவு வைத்துவிட்டால் போதும். "எனக்கு அங்கே பிடிக்கவில்லை" என்று சொல்பவனைத்தான் தாங்க முடிவதில்லை. சலீம் அதைத்தான் சொன்னார். அட்ரியானோவும் 2024இல் எழுதிய நீண்ட கட்டுரையில் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார்: விலா க்ருசெய்ரோ உலகத்தின் சிறந்த இடம் கிடையாது, ஆனால் என் இடம். கால்பந்தின் மிகப்பெரிய வீணடிப்பு நான்தான் என்றும், அந்த வார்த்தை தனக்குப் பிடித்திருக்கிறது என்றும் எழுதுகிறார். வசவைப் பிடுங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்ட மனிதர்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் நியாயமில்லை. முதல் ஆளாகப் போகிறவன் தனக்காக மட்டும் போவதில்லை. எங்கள் பக்கத்துக் காலனியில் இருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண், பின்னால் வரும் இருபது பெண்களுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பாதியில் திரும்பினால், "பாத்தியா, இவங்களுக்கெல்லாம் ஏறாது" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. சலீம் இருந்திருந்தால் இந்தியக் கால்பந்துக்கு ஒரு பாதை திறந்திருக்காதா? அவருக்குப் பிறகு பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்பில் ஒப்பந்தம் போட்டது 1999இல். அதே கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணிக்கு மணிப்பூரின் பாலா தேவி போனது 2020இல். எவ்வளவு பெரிய இடைவெளி!

இந்த வாதத்தின் வலி எனக்குத் தெரியும். நானும் என் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆனால் அறுபது வருட இடைவெளிக்கு ஒரு மனிதனின் வீட்டு நினைப்பைக் காரணம் சொல்வது, சாலை போடாத அரசாங்கத்தை விட்டுவிட்டு நடந்து களைத்தவனைத் திட்டுவது. கதவு ஒரு ஆள் பிடித்தால்தான் திறந்திருக்கும் என்றால் கோளாறு கதவில் இருக்கிறது. முதல் ஆளுக்கு நாம் நன்றி சொல்லலாம், துணை நிற்கலாம். உன் ஆயுள் முழுக்க இப்படியே பிடித்துக்கொண்டு நில் என்று உத்தரவு போட முடியாது.

எங்கள் வட மாவட்டங்களில் கடனுக்கு ஒரு கொடூரமான முகம் உண்டு. செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்ட செய்திகள் இங்கே புதிதில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. கோடிகளில் சம்பளம் வாங்கிய ஆட்டக்காரரை அவர்களோடு ஒப்பிடுவது அபத்தம், நான் ஒப்பிடுவது ஆட்களை இல்லை. கணக்கு எழுதும் முறையை. எவ்வளவு வேலை செய்தாலும் அசல் குறையாத கடன், தொகை எவ்வளவு என்றே சொல்லப்படாத கடன், கடனே இல்லை. அது ஒரு ஆளைப் பிடித்து வைக்கும் கயிறு. 'உன் திறமைக்கு நீ பட்டிருக்கிறாய்' என்பதும் அந்த மாதிரிக் கணக்குதான். எத்தனை கோல் அடித்தால் தீரும்? முந்நூறா? இன்னொரு உலகக் கோப்பையா? யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே என் முடிவு இதுதான். மனிதர்களுக்குப் பட்ட கடன் உண்டு, அதைத் தீர்க்க வேண்டும். திறமைக்குப் பட்ட கடன் என்று ஒன்று கிடையாது. இழந்த ஆட்டங்களுக்காக நாம் வருத்தப்படலாம். வசூலிக்க முடியாது.

வருத்தத்துக்கும் வசூலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது சலீமின் கடைசிக் காலக் கதை ஒன்றில். அவர் முதுமையில் நோயுற்றிருந்தபோது அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் போட்டார். அப்பாவின் சிகிச்சைக்குப் பண உதவி கேட்டு. பணம் அவருடைய நோக்கமே இல்லை. சில வாரங்கள் மட்டும் ஆடிவிட்டுப் போன ஒருவரை அந்த கிளப் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறதா என்று பார்க்க விரும்பினார். கிளாஸ்கோவில் இருந்து பதில் வந்தது. உறைக்குள் ஒரு கடிதம், நூறு பவுண்டுக்கு ஒரு வங்கி வரைவோலை.

செல்டிக்குக்கு எந்தக் கடனும் இல்லை. சலீமுக்கும் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் எல்லாம் தீர்ந்துவிட்டது. அவர் ஏன் போனார், இருந்திருந்தால் என்னவாகியிருப்பார் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆடியதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

மகன் அந்த வரைவோலையைக் கடைசிவரை மாற்றவே இல்லை. பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.